ஒபினெல் 8: கத்தியும் அதன்மேல் பொறித்த கையும்

ஒபினெல் 8ஆம் எண் மடக்குக் கத்தியை வாங்கும்போது காய் நறுக்கும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. கோயம்புத்தூரில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், தாம் வடிவமைத்த மடக்குக் கத்தி ஒன்றைச் சட்டப்படி பதிவு செய்து விற்பனைக்குக் கொண்டுவர முயன்றுகொண்டிருந்தார். அதே வழியில் நூறாண்டுகளுக்கு முன்பே போய் இன்றுவரை நிலைத்திருக்கும் கத்தியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று இருவருக்கும் தோன்றியதால் இது வீட்டுக்கு வந்தது. வந்த பிறகு சமையலறையிலேயே தங்கிவிட்டது. ஓராண்டுக்கும் மேல் ஏறத்தாழ அன்றாடம் பயன்படுத்தியிருப்பதால், இதைப் பற்றி எழுத இப்போது எனக்குத் தகுதி வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பார்வைக்கு மிக எளிய பொருள். பீச் மரத்தில் கடைந்தெடுத்த பிடி, அதன் தலையில் ஓர் எஃகுப் பூண், பூணின் குறுக்கே போகும் தறையாணி, அதில் மடங்கும் அலகு, பூணின்மேல் சுழலும் இன்னொரு வளையம் என மொத்தம் ஐந்தே உறுப்புகள். பூண் என்றால் உலக்கைக்கும் அரிவாள் பிடிக்கும் நம் கொல்லர்கள் போடும் அதே பூண்தான்; மரம் பிளந்துவிடாமல் இறுக்கிப் பிடிக்கும் அதே வேலையைத்தான் இங்கும் செய்கிறது. 8ஆம் எண்ணின் அலகு 8.5 சென்டிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமும் உடையது. எடை ஏறத்தாழ 50 கிராம்தான் என்பதால், சட்டைப் பையில் கிடந்தாலும் இருப்பதே தெரியாது.

அலகு மெல்லியதாக இருப்பதும், அதன் பக்கங்கள் விளிம்பை நோக்கி மிக இலேசாகக் குவிந்து இறங்குவதும்தான் இது நன்றாக வெட்டுவதற்குக் காரணம். பழுத்த தக்காளியில் வைத்துச் சற்றே இழுத்தால் தோல் நசுங்காமல் பிரிகிறது. மாங்காயைக் கொட்டையை ஒட்டிச் சீவும்போது, தடித்த கத்திகளைப் போல ஆப்பு அடித்துப் பிளக்காமல் வழுக்கிக்கொண்டு போகிறது. கருணைக்கிழங்கு, பூசணி, தேங்காய் போன்றவற்றை இதனிடம் கொண்டுபோகக் கூடாது. பக்கவாட்டில் நெம்பினால் மெல்லிய அலகு தாங்காது. என் அம்மாவோ இதைத் தொடுவதே இல்லை. அரிவாள்மனையில் காயை நகர்த்தியே பழகிய கைக்கு, காயை அசையாமல் வைத்துக் கத்தியை நகர்த்துவது தலைகீழ் வேலை என்பது அவர் கட்சி.

அலகு இரண்டு வகை எஃகில் கிடைக்கிறது. ஒன்று துருப்பிடிக்காத வகை. சாண்ட்விக் 12சி27 வகையைச் சேர்ந்தது, அலகில் ‘இனாக்ஸ்’ என்று பொறித்திருக்கும். மற்றது கார்பன் எஃகு. கார்பன் எஃகைச் சாணைக்கல்லில் இரண்டு நிமிடம் தேய்த்தாலே கூர் ஏறிவிடும். ஆனால் எலுமிச்சையும் புளியும் மாங்காயும் புழங்கும் நம் சமையலறையில் அது ஒரே நாளில் கருநீலமாகக் கறுத்துவிடும். கறுப்பதால் கேடில்லை என்றாலும், ஈரத்தோடு வைத்துவிட்டால் துரு ஏறும், முதல் சில நாள்களுக்கு நறுக்கிய பழத்தில் இரும்பு வாடையும் அடிக்கும். வாழைக்காயும் வாழைப்பூவும் நறுக்கும் வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது இனாக்ஸைத்தான்.

இனி அந்தச் சுழலும் வளையம். கத்தி முழுவதிலும் வியக்கத்தக்க உறுப்பு இது ஒன்றுதான். வளையத்தில் அலகு புகுமளவுக்கு ஒரு பிளவு இருக்கிறது. பிளவு, பிடியில் அலகு மடங்கி அமரும் காடிக்கு நேராக நிற்கும்போது அலகைத் திறக்கலாம், மடக்கலாம். திறந்தபின் வளையத்தைக் கட்டைவிரலால் ஒரு பக்கம் திருப்பிவிட்டால் பிளவு விலகி, வளையத்தின் உடல் அலகின் அடிப்பகுதிக்குப் பின்னால் வந்து நின்றுவிடும். பிறகு எவ்வளவு அழுத்தினாலும் அலகு விரல்மேல் மடங்காது. வளையத்தின் விளிம்பு சற்றே சரிவாக இருப்பதால், நாளடைவில் மூட்டு தளர்ந்தாலும் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பி இறுக்கிக்கொள்ள முடிகிறது. சுருள்வில் கிடையாது, திருகு கிடையாது, பழுதாக எதுவும் கிடையாது. நண்பர் அதை ஒரு கால் மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல பேட்டன்ட் எங்கீங்க இருக்குது?” என்று கேட்டார். நல்ல கேள்விதான். விடைக்குப் பின்னர் வருகிறேன்.

அதற்கு முன் மரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பீச் மரம் ஈரம் குடித்தால் ஊதும். ஊதினால் காடி இறுகி அலகைக் கவ்விக்கொள்ளும். முதல் வாரத்தில் மற்றப் பாத்திரங்களோடு இதையும் நான் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டேன். மறுநாள் அலகில் நகம் பிடிப்பதற்காக வெட்டியிருக்கும் பள்ளத்தை எவ்வளவு இழுத்தும் நகம்தான் உடைந்தது. தவறு முழுக்க என்னுடையது. இதற்கென்றே ஒரு நாட்டு வைத்தியம் உண்டு: மடக்கிய கத்தியைப் பிடித்துக்கொண்டு, பிடியின் வால்முனையை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு தானாகவே சற்று வெளியே எட்டிப் பார்க்கும். இந்தக் கத்தி பிறந்த மலைநாட்டின் பெயரால் இதைச் ‘சவோய்க்காரர் தட்டு’ என்று பிரெஞ்சில் சொல்வார்கள். கைப்பழக்கத்தால் வந்த தந்திரம் இன்று கத்தியோடு சேர்ந்து விலைபோகும் கதையாகிவிட்டது. மழைக்காலத்தில் எனக்கு இது அடிக்கடி தேவைப்படுகிறது. பிடியிலும் காடியிலும் ஆளி விதை எண்ணெய் தடவி, துடைத்து, இரண்டு நாள் உலரவிட்டால் தொல்லை பெரும்பாலும் நின்றுவிடும்.

ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில், பிரான்சின் சவோய்ப் பகுதியில், சென்-ஷான்-த-மோரியன் என்ற ஊருக்கு அருகே கோடரியும் வெட்டரிவாளும் செய்துவந்த ஒரு கொல்லர் குடும்பத்தில் பிறந்தவர் ஜோசப் ஒபினெல். 1890இல், தமது 18ஆம் வயதில், இந்தக் கத்தியைத் தம் நண்பர்களுக்காகச் செய்தார். ஒரு மரக் கட்டை, ஓர் அலகு, ஓர் ஆணி, ஒரு பூண்: குடியானவர்கள் பையில் வைத்திருந்த மடக்குக் கத்திகளில் இது இன்னொன்று, அவ்வளவே. அவரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது எந்திர மோகம். தாமே புகைப்படக் கருவி ஒன்றைச் செய்து ஊர்த் திருமணங்களைப் படமெடுத்த இளைஞர் அவர். ஒவ்வொரு பிடியையும் கையால் செதுக்காமல் ஒரே அளவில் வேகமாகக் கடைவதற்கான எந்திரத்தையும் தாமே வகுத்துக்கொண்டார். கத்தியின் வடிவத்தைவிட அதைச் செய்யும் முறையில்தான் அவருடைய உண்மையான கண்டுபிடிப்பு இருந்தது என்பேன்.

1897இல் அவர் செய்ததை விற்பனைக்காரரின் மூளை என்றுதான் சொல்ல வேண்டும். ஒரே கத்தியைப் பன்னிரண்டு அளவுகளில் வரிசைப்படுத்தி, 1 முதல் 12 வரை வெறும் எண்களையே பெயராக வைத்தார். ஆட்டிடையருக்கு ஓர் எண், திராட்சைத் தோட்டக்காரருக்கு ஓர் எண் என்று அவரவர் கைக்கு ஏற்றதைப் பிடித்துக்கொண்டார்கள். மிகச் சிறிய 1ஆம் எண்ணும், 10க்கும் 12க்கும் இடையில் சிக்கிக்கொண்ட 11ஆம் எண்ணும் பிற்காலத்தில் கைவிடப்பட்டன. எங்கள் ஊர்ப் பாத்திரக் கடையில் ‘அந்த நடுத்தரக் கத்தி’ என்று கை காட்டி வாங்குகிறோமே, அந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. ‘ஒரு 8 கொடுங்கள்’ என்றால் முடிந்தது.

1909இல் அவர் தம் கத்திக்கு ஒரு சின்னத்தைப் பதிவு செய்தார். கத்தி செய்யும் ஒவ்வொரு கைவினைஞரும் தம் சரக்கின் தரத்துக்குப் பொறுப்பேற்கும் வகையில் அதில் தமக்கென ஒரு முத்திரையைப் பொறிக்க வேண்டும் என்பது 1565இல் பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் சார்லஸ் இட்ட ஆணை. அந்த மரபையொட்டி ஜோசப் தேர்ந்தெடுத்தது மணிமுடி தாங்கிய ஒரு கை. திருமுழுக்கு யோவானின் விரல்கள் சென்-ஷான்-த-மோரியன் பேராலயத்தில் பாதுகாக்கப்படுவதாக நம்பிக்கை உண்டு. ஆசி வழங்கும் அந்தக் கை ஊரின் இலச்சினையிலேயே இடம்பெற்றது. மணிமுடி, சவோய் ஒரு காலத்தில் கோமகன் ஆட்சியில் இருந்த தனி நாடு என்பதற்கான நினைவு. என் கத்தியின் அலகில் அந்தக் கை நகப் பள்ளத்துக்குக் கீழே, ஒரு மொச்சைக் கொட்டை அளவில், விரலால் தடவினால் தெரியும் ஆழத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

சுழலும் வளையம் அப்போது இல்லை. அது 1955இல் ஜோசப்பின் மகன் மார்செல் ஒபினெல் உருவாக்கியது. ‘விரோப்ளாக்’ என்று அதற்குப் பெயர். 2000இல் அதை மேலும் திருத்தி, கத்தி மடங்கிய நிலையிலும் பூட்டிக்கொள்ளும்படி செய்தார்கள். பையில் தானாகத் திறந்து தொடையைப் பதம் பார்க்கும் கவலை அதோடு தீர்ந்தது.

நண்பரின் கேள்விக்கு இப்போது வரலாம். காப்புரிமை என்பது ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதற்குக் கிடைப்பது. இன்றைய விதிப்படி விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள்தான் அதன் ஆயுள். 1950களில் பிறந்த ஒரு பூட்டு வளையத்துக்கு அந்தக் காவல் எப்போதோ காலாவதியாகிவிட்டது. இன்று யார் வேண்டுமானாலும் பிளவுள்ள வளையத்தை வைத்துக் கத்தி செய்யலாம், செய்கிறார்கள். தோற்றத்துக்குத் தனியாக வடிவமைப்புப் பதிவு உண்டு. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி 10 ஆண்டுகளும், கேட்டு நீட்டித்தால் இன்னும் 5 ஆண்டுகளும். அதுவும் கண்ணுக்குத் தெரியும் அழகுக்குத்தான். செய்யும் வேலையே ஒரு வடிவத்தைக் கட்டாயமாக்குகிறது என்றால் அந்த வடிவம் அதில் அடங்காது. வணிகச் சின்னம் மட்டும் வேறு இனம். பத்தாண்டுக்கு ஒருமுறை கட்டணம் செலுத்திப் புதுப்பித்துக்கொண்டே போனால், பயன்பாட்டில் இருக்கும்வரை அதற்குச் சாவே கிடையாது. கத்திகள் வணிகச் சின்னப் பட்டியலில் 8ஆம் வகுப்பில் வருவதும், என் கத்தியும் 8ஆம் எண்ணாக இருப்பதும் தற்செயல்தான். ஆக, காப்புரிமை எங்கே என்றால், இன்று எங்கும் இல்லை. கத்தியைக் காப்பது அலகில் இருக்கும் கை.

நண்பர் இதைப் புரிந்துகொண்டது கொஞ்சம் விலை கொடுத்துத்தான். அவர் அணுகிய முகவர், ‘பேட்டன்ட் எடுத்துத் தருகிறேன்’ என்று பணம் வாங்கிக்கொண்டு தாக்கல் செய்தது வடிவமைப்பு விண்ணப்பத்தை. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அவர் சொல்லவுமில்லை, இவர் கேட்கவுமில்லை. அதைவிட மோசம், விண்ணப்பத்துக்கு நான்கு மாதங்களுக்கு முன்பே, கத்தியைத் திறந்து மூடும் காட்சியை இவர் பெருமையோடு இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தார். வடிவமைப்பானாலும் காப்புரிமையானாலும் விண்ணப்பிக்கும் நாளில் அது புதியதாக இருக்க வேண்டும். ஊரறியக் காட்டியது, காட்டியவர் நாமே ஆனாலும், புதுமையைக் கெடுத்துவிடும். அரசு அறிவித்த கண்காட்சிகளில் வைப்பது போன்ற சில விலக்குகள் உண்டு என்றாலும், கைப்பேசியில் போடும் காணொளி அந்தக் கணக்கில் வராது. ‘முன்பே எங்காவது வெளியிட்டீர்களா’ என்ற ஒரே கேள்வியை முகவர் கேட்டிருந்தால் போதும். அந்தச் சேவைக்கு என் மதிப்பெண் என்ன என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சின்னத்தையும் பெயரையும் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒபினெலின் நாட்டிலேயே இன்னொரு கத்தி சாட்சி. தெற்குப் பிரான்சில் அவெரோன் மாவட்டத்தில் இருக்கும் லயோல் கிராமத்தின் பெயரைக் கொண்ட மடக்குக் கத்தி, 19ஆம் நூற்றாண்டிலிருந்தே புகழ் பெற்றது. வளைந்த ஒடுங்கிய பிடி, முதுகு வில்லின் தலையில் ஒரு தேனீ. அழகில் ஒபினெலை எளிதாகத் தோற்கடிக்கும். ஆனால் பெயரை யாரும் பூட்டி வைக்கவில்லை. 1993இல் அந்த ஊரோடு தொடர்பில்லாத ஒருவர் ‘லயோல்’ என்ற பெயரைப் பல வகைப் பொருள்களுக்கும் தம் சின்னமாகப் பதிவு செய்துகொண்டார். அதன் பிறகு எங்கெங்கோ செய்த சரக்கெல்லாம் அந்தப் பெயரில் உலவத் தொடங்கியது. 2012இல் கிராமத்தார் தங்கள் ஊர்ப் பெயர்ப் பலகையையே கழற்றி எதிர்ப்புக் காட்டினார்கள். நீண்ட வழக்குகளுக்குப் பின் 2019இல் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில்தான் ஊருக்குச் சாதகமான தீர்ப்புக் கிடைத்தது. கைவினைப் பொருள்களுக்கும் புவிசார் குறியீடு பெறலாம் என்று பிரான்சில் சட்டம் வந்ததே 2014இல்தான். அது வந்த பிறகும், அந்தக் கத்திகளில் பெரும்பகுதியை நெடுங்காலமாகச் செய்துவரும் தியேர் நகரத்தாருக்கும் லயோல் ஊராருக்கும் பெயர் யாருடையது என்ற இழுபறி ஓயவில்லை. இதைப் படிக்கும்போது, அரிவாள் என்றாலே திருப்பாச்சி என்று நாம் ஊர்ப் பெயரை உரிமையோடு ஒட்டவைத்துப் பேசுவதும் எனக்கு நினைவுக்கு வந்தது.

ஒபினெலுக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. 1989இல் ‘ஒபினெல்’ என்ற சொல் பிரெஞ்சு லரூஸ் அகராதியில் ஏறியது. நிறுவனம் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. ஆனால் ஒரு பெயர் பொதுச் சொல்லாகிவிட்டால், சின்னமாக அதற்குள்ள வலு கரையத் தொடங்கும் என்பதும் சட்டம் அறிந்தவர்களின் அச்சம். நாம் எல்லா ஒளிநகலையும் ‘ஜெராக்ஸ்’ என்பது போலத்தான் இதுவும். அங்கேயும் எழுத்தைவிட அந்தக் கைதான் காப்பாற்றும் என்று நினைக்கிறேன். மடக்குக் கத்தியைக் குறிப்பிட மணிமுடிக் கையை வரைந்து காட்டும் ஆள் எங்கும் இருக்க மாட்டார்.

கையின் மதிப்பு எனக்குப் புரிந்ததும் ஒரு போலியால்தான். இணைய அங்காடி ஒன்றில் முகம் தெரியாத விற்பனையாளரிடம் நான் முதலில் வாங்கியது, பெட்டியைத் திறந்தபோதே சந்தேகமாக இருந்தது. பிடியின் வார்னிஷ் ஒட்டிக்கொண்டது. வளையம் கையில் எடுத்ததும் தானே சுழன்றது. அலகில் கை இருந்தது, மணிமுடி இல்லை. பொறிக்காமல் அச்சிட்டிருந்ததால், எலுமிச்சைச் சாற்றில் துடைத்ததும் பாதிக் கை போய்விட்டது. திருப்பி அனுப்பிவிட்டு, அறிந்த கடையில் இரண்டாயிரம் ரூபாயை ஒட்டிய விலைக்கு உண்மையானதை வாங்கினேன். இரண்டையும் தனியாகப் பார்த்தால் ஏமாறுவீர்கள். அருகருகே வைத்தால் ஒரு நொடி போதும்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். ஒரு கையால் இதைத் திறக்க முடியாது. இரண்டு கையும் வேண்டும், திறந்த பிறகு வளையத்தைத் திருப்ப மறக்கவும் கூடாது. பெரிய கை உள்ளவர்கள் 9 அல்லது 10ஐப் பார்க்கலாம். 8 என் கைக்குச் சரி. குழந்தைகளுக்குப் பழக்கிவிட விரும்பினால், முனை மழுங்கிய 7ஆம் எண் தனியாகவே இருக்கிறது. விமானத்தில் கைப்பையில் வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். பாதுகாப்புச் சோதனையில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும். இந்த விலைக்கு இரண்டு மூன்று நல்ல உள்ளூர்க் கத்திகள் கிடைக்கும் என்பதும் உண்மை. அவற்றில் எதையும் மடக்கிப் பையில் போட முடியாது என்பதோடு, அடுத்த முறை வாங்கும்போது அதே கத்தி அதே அளவில் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. எனக்கு ஐந்துக்கு நான்கரை. அரை மதிப்பெண்ணை மழைக்கால மரத்துக்காகக் குறைத்துக்கொள்கிறேன்.

நண்பர் பழைய வடிவத்தைக் கைவிட்டுவிட்டார். ஆறு மாதம் உட்கார்ந்து பூட்டையும் பிடியையும் வேறு விதமாக வகுத்திருக்கிறார். ஒரு பெயரையும் சின்னத்தையும் 8ஆம் வகுப்பில் விண்ணப்பித்தாகிவிட்டது. புதிய வடிவத்துக்கான விண்ணப்ப எண் கைக்கு வரும்வரை மாதிரிக் கத்தி பட்டறையின் இரும்புப் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. சென்ற வாரம் போனபோது எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன்; தேநீர் வாங்கிக் கொடுத்தாரே தவிர, எனக்குக்கூடக் காட்டவில்லை.